காசு மறைந்த காலத்தின் நாணயம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இருபொருள் தருவது. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத ஒழுக்கமும் நாணயம். கடைத்தெருவில் ஒருவரை ‘நாணயமானவர்’ என்று சுட்டும்பொழுது, அவருடைய பணப்பெட்டியின் கனத்தை எவரும் எண்ணுவதில்லை. அவர் வாக்கின் கனத்தையே எண்ணுகின்றனர். முதற்பொருளில் நாணயம் ஒரு நாட்டின் கடைவீதிகளை விட்டு மறைந்துபோனால், இரண்டாம் பொருளில் நாணயம் அதன் இடத்தில் நின்று வணிகத்தைத் தாங்க வல்லதா? இவ்வினாவுக்குச் செம்பில் விடை எழுதிய காலம் ஒன்று உண்டு. அஃது அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம்.

1862ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடங்கி 1864ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையில், அமெரிக்க வடமாநிலங்களின் மளிகைக் கடைக்காரர்களும் மதுக்கடைக்காரர்களும் மருந்து வணிகர்களும் ரொட்டி சுடுவோரும் தத்தம் பெயரிலேயே சிறு காசுகளை அடிப்பித்துப் புழக்கத்தில் விட்டனர். அரசின் முத்திரை பெறாத இவ்வடையாளக் காசுகள் இரண்டரைக் கோடிக்குக் குறையா என்பது நாணயவியலார் மதிப்பீடு. இன்று அவை ‘உள்நாட்டுப் போர் டோக்கன்கள்’ என்ற பெயரில் சேகரிப்பாளர்களின் பேழைகளில் வாழ்கின்றன. அவற்றின் வரலாறு பணத்தின் வரலாறு மட்டுமன்று, வாக்கின் வரலாறுமாகும்.

வெள்ளி மறைந்த விதம்

1861 ஏப்ரல் 12ஆம் நாள் சம்ட்டர் கோட்டையின்மீது விழுந்த குண்டுகளோடு போர் மூண்டது. படைதிரட்டும் செலவு வடபகுதி அரசின் கருவூலத்தை விரைவில் வற்றச் செய்தது. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் நியூயார்க் நகர வங்கிகள் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. 1862 பிப்ரவரி 25ஆம் நாள் நிறைவேறிய சட்டம், பதினைந்து கோடி டாலர் மதிப்புக்குத் தாள்பணம் வெளியிட அரசுக்கு அதிகாரம் அளித்தது. பின்புறம் பச்சை மையால் அச்சிடப்பட்டமையால் ‘கிரீன்பேக்’ என்று அழைக்கப்பட்ட அத்தாள்களைக் கொடுத்துத் தங்கம் பெற முடியாது. அரசின் ஆணையே அவற்றுக்கு ஆதாரம்.

போர்க்களத்திலிருந்து வரும் ஒவ்வொரு தோல்விச் செய்திக்கும் தாளின் மதிப்புச் சரிந்தது. முதலில் தங்கம் மறைந்தது. 1862ஆம் ஆண்டின் கோடையில் வெள்ளிச் சில்லறையும் மறையத் தொடங்கியது. ஒரு டாலர் தாளைவிட, ஒரு டாலருக்குரிய வெள்ளிச் சில்லறையில் அடங்கிய உலோகம் மிகுந்த விலை பெற்றபொழுது, வெள்ளியைச் செலவிடுவோர் அரியர் ஆயினர். பெட்டிகளில் பூட்டியோர் சிலர். தரகர்களிடம் விற்றோர் சிலர். தரகர்களோ அதனைக் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் ஏற்றி அனுப்பினர். தரங்குறைந்த பணம் தரமான பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டும் என்று கிரஷாம் பெயரால் வழங்கும் விதி, சில வாரங்களுக்குள் மெய்யாயிற்று.

விளைவைக் கடைத்தெருவில் கண்டனர். ஒரு டாலர் தாளை நீட்டிச் சில சென்ட் விலையுள்ள ரொட்டியைக் கேட்பவருக்கு மீதி கொடுக்க வழியில்லை. குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டியில் ஏறியவர் கட்டணம் செலுத்த வழியில்லை. சில்லறை இல்லையேல் சில்லறை வணிகமே இல்லை என்பதை அந்நகரங்கள் உணர்ந்தன. கடைக்காரர்கள் துண்டுத்தாளில் கடன் எழுதிக் கொடுத்தனர். நகராட்சிகளும் நிறுவனங்களும் சிறு தாள்களை அச்சிட்டன.

அரசு கண்ட வழி வியப்புக்குரியது. 1862 ஜூலை 17ஆம் நாள் சட்டத்தின்படி, அஞ்சல் தலைகளையே பணமாகக் கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. அதே சட்டம் ஒரு டாலருக்குக் குறைந்த தனியார் தாள்களைத் தடையும் செய்தது. ஆனால் அஞ்சல் தலையின் பின்புறம் பசை பூசப்பட்டிருந்தது. வியர்வைக் கை பட்டவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சில நாள்களில் கிழிந்து உருக்குலைந்தது. இக்குறையைப் போக்க முயன்றவர் ஜான் கால்ட் என்பார். அஞ்சல் தலையை வட்டமான பித்தளைச் சிமிழில் வைத்து, எண் தெரியும்படி முன்புறம் மைக்கா தகடு பதிக்கும் முறைக்கு அவர் 1862 ஆகஸ்ட் 12ஆம் நாள் காப்புரிமை பெற்றார். சிமிழின் பின்புறத்தில் மருந்து நிறுவனங்களும் துணிக்கடைகளும் தம் விளம்பரத்தைப் பொறித்துக்கொண்டன. பணத்தின் முதுகில் வணிகரின் பெயர் ஏறிய முதற்படிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

பின்னர் அரசே அஞ்சல் தலை உருவம் அச்சிட்ட சிறு தாள்களை வெளியிட்டது. அவற்றுள் மிகச் சிறியது 5 சென்ட். பிற்காலத்தில் 3 சென்ட் தாளும் வந்தது. ஆனால் ஒரு சென்ட்டுக்குத் தாள் எக்காலத்திலும் வெளியாகவில்லை. அவ்விடத்தை நிரப்ப வேண்டியது 88 விழுக்காடு செம்பும் 12 விழுக்காடு நிக்கலும் கலந்த அரசின் சென்ட் காசே. அதுவும் பதுக்கப்பட்டது. மற்றச் சில்லறையெல்லாம் மறைந்தபின் எஞ்சியிருந்த உலோகம் என்பதாலேயே மக்கள் அதனைப் பொட்டலம் கட்டிச் சேமித்தனர். முகமதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்கினர். பிலடெல்பியா அக்கசாலை 1863ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஐந்து கோடி சென்ட்டுகளை அடித்தும் பற்றாக்குறை தீரவில்லை. ஏழையின் அன்றாட வாழ்வு நிகழ்வது அந்த ஒரு சென்ட்டின் தளத்திலேதான். அரசு நிரப்பாத அந்த இடத்திலே வணிகர்கள் நுழைந்தனர்.

செம்பில் பதிந்த வாக்கு

தனியார் செம்புக்காசு அமெரிக்கருக்குப் புதிதன்று. 1837ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போதும் அத்தகைய காசுகள் புழங்கின. அந்நினைவு முதியோர் நெஞ்சில் இருந்திருத்தல் வேண்டும். உள்நாட்டுப் போர்க்காலத்துக் காசுகள் 1862ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் தோன்றி, 1863ஆம் ஆண்டில் நியூயார்க் உள்ளிட்ட நகரங்களில் பெருகின. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் பெயர்களை அவற்றில் காணலாம். எனினும் ஒஹையோ, நியூயார்க், மிச்சிகன், விஸ்கான்சின், இல்லினாய், இந்தியானா ஆகியவற்றின் பங்கே மிகுதி.

இவற்றை இருவகையாகப் பகுப்பர். வணிகரின் பெயர், தொழில், ஊர் ஆகியவற்றைத் தாங்கியவை கடைக்காசுகள். எவர் பெயரும் இன்றி, கொடி, கழுகு, வாஷிங்டன் உருவம் போன்றவற்றையும் ஒற்றுமை முழக்கங்களையும் தாங்கியவை நாட்டுப்பற்றுக் காசுகள். பெரும்பாலானவை அரசின் சென்ட் காசையொத்த, ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் விட்டமுடையவை. பல காசுகளில், அரசின் சென்ட்டில் உள்ள இறகு முடியணிந்த தலையுருவமே பெயர்த்தடிக்கப்பட்டது. கண் பழகிய உருவமும் கை பழகிய அளவும் இருந்தால் மக்கள் மறுக்காமல் பெறுவர் என்பது வணிகர் அறிந்த உளநூல்.

உலோகத்தைப் பொறுத்தவரை செம்பே மிகுதி, பித்தளை அடுத்தது. இவை அரசின் காசைவிட எடை குறைந்தவை. எனவே ஒவ்வொரு காசையும் ஒரு சென்ட்டுக்குக் குறைந்த விலையில் அடிப்பித்து, ஒரு சென்ட் என்று கொடுத்த வணிகருக்கு அக்கணத்திலேயே சிறு ஆதாயம் கிட்டியது. அக்காசு திரும்பி வாராமலே போனால் ஆதாயம் பெருகியது. கைமாறுந்தோறும் கடையின் பெயர் ஊரெங்கும் பரவியது. தேவையும் ஆதாயமும் விளம்பரமும் ஒருங்கே கூடியமையால்தான் இவை இத்துணை விரைவாகப் பெருகின.

அடித்துக் கொடுத்தவர்கள் அச்சு வெட்டும் கைவினைஞர்கள். சின்சினாட்டியில் ஜான் ஸ்டான்டன், நியூயார்க்கில் எமில் சீகல், சிகாகோவில் சைல்ட்ஸ் என இவர்களுள் பலர் அறியப்பட்டவர்கள். கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரி நகரில் பித்தளைப் பொத்தான் செய்துவந்த ஸ்கோவில் நிறுவனமும் இத்தொழிலில் இறங்கியது. சட்டைப் பொத்தானை அழுத்தும் பொறிக்குக் காசை அழுத்துதல் அரிதன்று. இவர்கள் பொதுவான முன்புற அச்சுகள் பலவற்றைக் கையிருப்பில் வைத்திருந்தனர். கடைக்காரர் தமக்கு விருப்பமானதைத் தெரிந்தெடுப்பார். பின்புறத்துக்கு மட்டும் அவர் பெயரில் புதிய அச்சு வெட்டப்படும். ஆகவே ஒரே தலையுருவம் பற்பல கடைகளின் காசுகளில் காணப்படுகிறது. இச்செய்தி பிற்காலச் சேகரிப்பாளருக்குப் பெருந்துணையாயிற்று.

காசில் எழுதிய சொற்கள்

கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிய வட்டத்தில் எத்தனை சொற்கள் கொள்ளும்? நான்கைந்து கொண்டால் மிகுதி. அச்சுவெட்டி ஒவ்வோர் எழுத்தையும் தலைகீழாக எஃகில் செதுக்க வேண்டும். இந்நெருக்கடியில் பிறந்த வாசகங்கள் சொற்சுருக்கம் பயில்வோர் உற்றுநோக்கத் தக்கவை.

சில காசுகளின் நடுவே ‘ஒரு சென்ட்’ என்னும் சொற்கள் பெரிதாக நிற்கும். அவற்றுக்கு மேலே, கண்ணுக்குப் புலனாகா வண்ணம் மிகச் சிறிய எழுத்தில் ‘அன்று’ என்று பொருள்படும் சொல் இருக்கும். அரசின் காசைப் போலி செய்த குற்றம் தம்மேல் விழாதிருக்க வணிகர் கண்ட உபாயம் இது. காசாக நடிக்கவும் வேண்டும். காசு அன்று என்று சொல்லவும் வேண்டும். வேறு சில காசுகள் ‘ஒரு சென்ட் உமக்குக் கடன்பட்டுள்ளேன்’ என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டன. முன்னது தப்பிக்கும் சொல். பின்னது கட்டுப்படும் சொல்.

பாஸ்டன் நகரத்து அச்சுவெட்டி ஜோசப் மெரியம் ஒரு சிலேடையையே காசாக்கினார். நாயின் தலையைப் பொறித்து, ‘ஒரு சென்ட் பெறும்’ என்ற வழக்கமான வாசகத்தில் ‘சென்ட்’ என்பதை மணம் என்று பொருள்படும் அதே ஒலியுடைய ஆங்கிலச் சொல்லாக மாற்றி எழுதினார். மோப்பம் பிடிக்கும் நாய்க்கும் காசுக்கும் ஒரே சொல் பொருந்திற்று.

கருவூலச் செயலராயிருந்த ஜான் டிக்ஸ் என்பார், போர் மூளுமுன் 1861 ஜனவரி 29ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பிய தந்தி புகழ்பெற்றது. அமெரிக்கக் கொடியை இறக்க முயல்பவனை அவ்விடத்திலேயே சுட்டுத்தள்ளுக என்பது அதன் ஆணை. இவ்வாணையைப் பொறித்த காசுகள் பல. அவற்றுள் ஓர் அச்சில், இடத்தைக் குறிக்கும் ‘ஸ்பாட்’ என்னும் சொல்லில் ஓரெழுத்து மிகுந்து ‘ஸ்பூட்’ என ஆயிற்று. வீரவுரையில் நேர்ந்த இவ்வெழுத்துப்பிழை, இன்று பிழையற்ற காசைவிட மிகுதியாகத் தேடப்படுகிறது.

எல்லாக் காசும் போர்முரசு கொட்டவில்லை. ஒரு காசு, ஒருபுறத்தில் போரின் கொடுமைகளையும் மறுபுறத்தில் அமைதியின் அருளையும் பெயர் சுட்டி நிறுத்தியது. மற்றொரு காசு, ஒப்பந்தக்காரர்களுக்குக் கோடிக்கணக்கில் என்று ஒருபுறமும், கைம்பெண்களுக்கு ஒரு சென்ட்டும் இல்லை என்று மறுபுறமும் கூறிற்று. மட்கிய துணியில் படைவீரர்க்குச் சீருடை தைத்துக் கொடுத்துச் செல்வம் குவித்த ஒப்பந்தக்காரர்களின் ஊழல் பேசப்பட்ட காலம் அது. அக்காசின் மதிப்பும் ஒரு சென்ட். கைம்பெண்ணுக்குக் கிட்டாததும் ஒரு சென்ட். முறையீட்டையும் முறையிடப்படும் பொருளையும் ஒரே செம்புத்துண்டில் பதித்த அச்சுவெட்டியின் திறம் கவிஞர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

கடைக்காசுகளின் உருவங்கள் இன்னும் எளியவை. செருப்புக் கடைக்காரருக்குக் காலணி. மருந்துக் கடைக்காரருக்குக் கல்வமும் குழவியும். மதுக்கடைக்காரருக்கு நுரை ததும்பும் கோப்பை. பல் மருத்துவரும் சவப்பெட்டி விற்போரும்கூடக் காசு வெளியிட்டனர். சின்சினாட்டியிலும் மில்வாக்கியிலும் வெளியானவற்றில் ஜெர்மனியிலிருந்து குடியேறியோரின் பெயர்கள் மிகப் பல. எந்த வரலாற்று நூலும் பெயர் குறிக்காத சிறு கடைக்காரர்களின் வரிசை இது.

வாக்குக் காத்தோரும் தவறியோரும்

அடையாளக் காசின் உயிர் அதன் உலோகத்தில் இல்லை. அதனைத் திரும்பக் கொண்டுவந்தால் பொருளோ பணமோ தருவேன் என்ற சொல்லப்பட்ட அல்லது சொல்லப்படாத உறுதியில்தான் உள்ளது. தம் கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்று காசிலேயே பொறித்த வணிகர் உண்டு. பெயரும் தெருவும் பொறித்தவரை எளிதில் தேடிச் செல்லலாம். அடுத்த நாளும் அதே வாடிக்கையாளரை எதிர்கொள்ள வேண்டிய சிறு கடைக்காரருக்கு மறுத்தல் எளிதன்று. நாட்டுப்பற்றுக் காசுக்கோ பொறுப்பேற்பவர் எவருமிலர். கொடியும் கழுகும் உண்டு. தட்டுவதற்கொரு கதவு இல்லை. உரத்த முழக்கத்தைவிட ஒரு மளிகைக்காரரின் முகவரி மிகுந்த உறுதியுடையது என்பது இக்காசுகள் தரும் முதற்பாடம்.

ஆயினும் பெயர் பொறித்தவர் அனைவரும் வாக்குக் காத்தனர் என்று கூறுதற்கில்லை. நியூயார்க்கில் பீர் கூடம் நடத்திய குஸ்டாவஸ் லிண்டன்மியூலர் தம் தாடி முகத்தையே காசில் பொறித்து வெளியிட்டார். அவை பத்து லட்சத்திற்கு மேல் என்று கூறப்படுவதுண்டு. மூன்றாம் நிழற்சாலை டிராம் நிறுவனத்தின் வண்டிகளில் பயணிகள் இவற்றைக் கட்டணமாகக் கொடுத்தனர், நடத்துநரும் பெற்றுக்கொண்டனர். பெருந்தொகை சேர்ந்ததும், மாற்றித் தருமாறு நிறுவனம் அவரை வேண்டியதாகவும், அவர் நகைத்து மறுத்துவிட்டதாகவும், நிறுவனத்துக்கு வேறு வழியின்றிப் போயிற்று என்றும் நாணயவியல் நூல்கள் வழிவழியாகக் கூறுகின்றன. முகம் பொறித்தல் வேறு. முகம் காத்தல் வேறு.

டிராம் நிறுவனம் இழப்பைத் தாங்க வல்லது. தாங்க இயலாதோரும் இருந்தனர். ஒவ்வொரு படைப்பிரிவோடும் முகாம் வணிகர் ஒருவர் சென்றார். ‘சட்லர்’ எனப்பட்ட அவர், உணவுப் பண்டம், புகையிலை, எழுதுதாள் முதலியவற்றை முகாமில் விற்றார். சாதாரணப் படைவீரனின் மாத ஊதியம் 13 டாலர். 1864ஆம் ஆண்டில்தான் அது 16 டாலராயிற்று. அதுவும் மாதக்கணக்கில் தாமதித்தே வந்தது. கையில் பணமில்லாத வீரனுக்கு ஊதியத்தின்பேரில் முன்பணமாக முகாம் வணிகர் தம் பெயரும் படைப்பிரிவின் எண்ணும் பொறித்த காசுகளைக் கொடுத்தார். அக்காசு அவருடைய கூடாரத்தில் மட்டுமே செல்லும். அங்கே அவர் கூறுவதே விலை. கொடுப்பவரும் விற்பவரும் ஒருவரே ஆகும்பொழுது காசு ஒரு தளையாகிறது. அதே வட்டச் செம்பு நகரத்தில் உதவியாகவும் முகாமில் கட்டாயமாகவும் இருந்தது என்பதனை இவ்வரலாற்றை நோக்குவோர் மறத்தல் கூடாது.

அரசு கற்ற பாடம்

இக்காசுகளின் பெருக்கத்தை அரசு சினத்தோடு மட்டும் நோக்கவில்லை. அக்கசாலைத் தலைவர் ஜேம்ஸ் பொலாக் அதில் ஓர் உண்மையைக் கண்டார். தங்கத்திலும் வெள்ளியிலும் முழு மதிப்பை எதிர்பார்க்கும் மக்கள், சிறு சில்லறையில் வசதி ஒன்றையே எதிர்பார்க்கின்றனர். சென்ட் மதிப்புக்கு மிகக் குறைந்த செம்பை அவர்கள் தயக்கமின்றிப் பெற்றுக்கொள்கின்றனர் என்பதை அவர் எடுத்துரைத்தார். கனமான நிக்கல் கலப்பைக் கைவிட்டு, மெல்லிய வெண்கலக் காசு அடிக்கலாம் என்பது அதன் முடிவு. நிக்கல் சுரங்க உரிமையாளர் ஜோசப் வார்ட்டன் போன்றோர் எதிர்த்தபோதும் 1864 ஏப்ரல் 22ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. 72 கிரெய்ன் எடையுள்ள பழைய சென்ட்டுக்கு மாறாக 48 கிரெய்ன் எடையுள்ள வெண்கலச் சென்ட் பிறந்தது. அதனுடன் 2 சென்ட் காசும் பிறந்தது. தனியார் காசுகளின் அளவையும் மென்மையையும் நிறத்தையும் அரசே பின்பற்றியது எனலாம்.

அதே சட்டம் தனியார் ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசுகளைத் தடைசெய்தது. 1864 ஜூன் 8ஆம் நாள் வந்த மற்றொரு சட்டம், பணமாகப் புழங்கும் நோக்குடன் எவரும் உலோகக் காசு அடித்தலையே குற்றமாக்கியது. 3,000 டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் தண்டனையாக விதிக்கப்பட்டன. மாணவனிடம் பாடம் கற்ற ஆசிரியர் அவனைப் பள்ளியினின்றும் நீக்கியதை ஒத்தது இது. எனினும் அரசின் நிலை பிழையன்று. வாக்குத் தவறியவரைத் தண்டிக்க வழியில்லாத பணம் நெடுநாள் நிலைத்தல் அரிது. வெண்கலச் சென்ட் பெருகியதும் அடையாளக் காசுகள் மதிப்பிழந்தன. மாற்றிக்கொள்ளாமல் எவர் கையில் எஞ்சினவோ, அவர் தலையில் இழப்பு விழுந்தது.

சேகரிப்போர் கையில்

மதிப்பிழந்த காசு, அழியாமல் இருந்தால், மற்றொரு மதிப்பைப் பெறுகிறது. 1857ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு பழைய பெரிய செம்புச் சென்ட்டை நிறுத்தியதும், அதனைச் சேகரிக்கும் ஆர்வம் எழுந்தது. 1858ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் நாணயவியற் கழகங்கள் தோன்றின. ஆகவே போர்க்காலக் காசுகள் பிறந்தபொழுதே, அவற்றைத் தேடும் கண்களும் ஆயத்தமாயிருந்தன.

இதனால் நன்மையும் விளைந்தது, தீமையும் விளைந்தது. புழக்கத்துக்கென அடித்த அச்சுகளைக் கொண்டே, சேகரிப்பாளருக்கென வெள்ளீயத்திலும் வெள்ளியிலும் அச்சுவெட்டிகள் அரிய படிகளை அடித்தனர். வெள்ளிப் படிகளுள் சில, அரசின் பத்து சென்ட் காசின்மீதே அடிக்கப்பட்டவை. பொருந்தா இரு அச்சுகளை இணைத்து, எந்தக் கடைக்கும் உரியதல்லாத கலப்புக் காசுகளும் உருவாயின. கடைத்தெருவைக் காணாமலே பேழைக்குள் பிறந்தவை இவை. அருமை கருதி இவற்றுக்கு ஏலத்தில் மிகுந்த விலை கிட்டுவதுண்டு. ஆனால் தேவையினின்றும் பிறந்த காசுக்கும், விருப்பத்துக்கென விளைவித்த காசுக்கும் உள்ள வேற்றுமையை உண்மைச் சேகரிப்பாளர் மறைப்பதில்லை. இங்கும் நாணயம் இரண்டாம் பொருளில் சோதிக்கப்படுகிறது.

இக்காசுகளுக்கு 1924ஆம் ஆண்டில் ஹெட்ரிக், கட்டாக் என்னும் இருவர் விரிவான பட்டியல் நூலொன்றை வெளியிட்டனர். பின்னர் மெல்வின் ஃபுல்ட், அவர் மகன் ஜார்ஜ் ஃபுல்ட் ஆகிய இருவரும் பன்னெடுங்காலம் உழைத்து, இன்று வழங்கும் எண்முறையை வகுத்தனர். கடைக்காசுக்கு மாநிலத்தின் சுருக்க எழுத்தும், ஊருக்கோர் எண்ணும், வணிகருக்கோர் எழுத்தும், உலோகத்துக்கோர் எழுத்தும் அம்முறையில் அமைகின்றன. ஐயாயிரத்துக்கும் மேல் எஞ்சியவை முதல் ஒன்றே ஒன்று எஞ்சியது வரை அருமையைப் பத்துப் படிகளாகப் பகுத்ததும் அவர்களே. 1967ஆம் ஆண்டில் இதற்கெனவே தனிக்கழகம் ஒன்று நிறுவப்பட்டது. இதுவரை வகைப்படுத்தப்பட்டவை பதினாயிரத்துக்கும் மேல்.

இத்தகைய சேகரிப்பு வெறும் குவிப்பன்று. ஒரு காசில் ஒரு பெயரும் ஒரு தொழிலும் மட்டும் இருக்கும், ஊர் இராது. சேகரிப்பாளர் அக்காலத்து நகர முகவரி நூல்களையும் மக்கள்தொகைக் கணக்கையும் செய்தித்தாள் விளம்பரங்களையும் புரட்டி, அப்பெயருக்குரியவர் எத்தெருவில் கடை வைத்திருந்தார் என்று தேடுகிறார். முன்புற அச்சை ஒப்பிட்டு அதனை வெட்டியவரை அறிகிறார். அச்சில் விழுந்த விரிசல் ஒரு காசில் மயிரிழையாகவும் மற்றொன்றில் பெரும் பிளவாகவும் இருக்கக் கண்டு, எது முன் எது பின் என்று வரிசைப்படுத்துகிறார். ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடம் காணும் பதிப்பாசிரியரின் பணிக்கு இப்பணி உறவுடையது.

தேய்மானத்தின் மதிப்பு

சந்தையில் காசின் விலையை நிறுவுவது அதன் புத்தொளி. தேயாத காசுக்கு மிகுவிலை. எழுத்து மழுங்கிய காசுக்குச் சிறுவிலை. சேகரிப்பாளர் சங்கங்களின் தர அளவையும் இவ்வாறே அமைகிறது. ஆனால் வரலாற்றின் தராசு மற்றொரு பக்கம் சாய்கிறது.

ஒளி மங்காத காசு, எவராலும் பெறப்படாததாக இருக்கலாம்; அடித்த நாளிலேயே ஒரு பேழையில் உறங்கியதாக இருக்கலாம். விளிம்பு மழுங்கி, எழுத்துக் குழைந்து, தலையுருவம் நிழலாகிய காசோ, பலர் கையில் சென்று வந்தது. ஒவ்வொரு கையும் அதனைப் பெறுமுன் ஒரு கணம் எண்ணியிருக்கும்: இந்த மளிகைக்காரர் இதனைத் திரும்ப வாங்குவாரா? வாங்குவார் என்ற நம்பிக்கை ஒவ்வொரு முறையும் வென்றதனாலேயே அது தேய்ந்தது. தேய்மானம் அவ்வணிகருக்கு ஊரார் எழுதிக் கொடுத்த நற்சான்று. அதனைத் துலக்கிப் பளபளப்பாக்குவோர், அறியாமலே அச்சான்றை அழிக்கின்றனர். சேகரிப்பு நூல்கள் பழங்காசைத் தேய்த்துத் துலக்குதல் ஆகாது என்று விலை கருதி எச்சரிக்கின்றன. அவ்வெச்சரிக்கைக்கு விலையினும் பெரிய காரணம் இதுவேயாம்.

போர் சில்லறையை விழுங்கும் நிகழ்ச்சி ஒரு நாட்டுக்கே உரியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலும் சில்லறைத் தட்டுப்பாடு நேர்ந்தது. கத்தியவார்ப் பகுதியின் சில சிற்றரசுகள் சில்லறைக்கு மாற்றாகச் சிறு அட்டைகளை வெளியிட்டன. 1943ஆம் ஆண்டில் நடுவே துளையிட்டுச் செம்பை மிச்சப்படுத்திய காலணா வந்தது. ஓட்டைக் காலணா என்று தமிழ்நாடு பெயரிட்டு வழங்கிய அக்காசு, பின்னர் மதிப்பின்மைக்கே உவமையாயிற்று. ஆயினும் அது புழங்கிய நாளில் அத்துளையை எவரும் பொருட்படுத்தவில்லை. பெற்றவர் கொடுக்கலாம் என்று அறிந்திருந்தனர்.

சின்சினாட்டி மளிகைக்காரரின் செம்புக்காசு நிகழ்த்திக் காட்டியதும் இதுவே. பணம் என்பது உலோகமோ தாளோ முத்திரையோ மட்டுமன்று. அறியாத ஒருவர் நாளை வாக்குக் காப்பார் என்னும் நம்பிக்கை. அந்நம்பிக்கையைப் பேரரசுகள் இழந்த நாள்களில், அதனைத் தெருமுனைக் கடைகள் சில காலம் தாங்கின. தாங்கியோர் பெயர்கள் செம்பில் உள்ளன. தவறியோர் பெயர்களும் அதே செம்பில் உள்ளன. கடைகள் இடிந்தன, தெருக்கள் பெயர் மாறின, கொடுத்தோரும் பெற்றோரும் மண்ணாயினர். மழுங்கிய எழுத்துகளை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து ஒரு பெயரைப் படித்தறியும் சேகரிப்பாளர், அவ்வணிகரின் காசைப் பெறும் கடைசிக் கையாக இன்று நிற்கிறார். அவரும் அதனை நம்பியே பெறுகிறார்.